பொங்கலுக்கு வீட்டிலேயே இருக்கிறேன்: வேகாத பருப்பு, தண்ணீர் ஏறாத மோட்டார்

உவர்மணல் | வியாழன், இரவு 9.10

நான்கு நாள் லீவு. இன்று பொங்கல், நாளை மாட்டுப் பொங்கல், சனிக்கிழமை காணும் பொங்கல், ஞாயிறு தை அமாவாசை. மச்சினிக்குத் தலைப்பொங்கல் என்று மனைவி பிள்ளைகளோடு மதுரைக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு முட்டி வலி, பஸ்ஸில் ஏற முடியாது. ஆக, உச்சிப்புளிப் பக்கம் இந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

எங்கேயும் போவதாக இல்லை. சனிக்கிழமை அரியமான் கடற்கரையில் மணலே தெரியாது, தலைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்னி தீர்த்தத்தில் குளிக்க வருகிற வண்டிகள் ராமேசுவரம் ரோட்டை அடைத்துக்கொள்ளும். எனவே கயிற்றுக் கட்டில், சமையல், தூக்கம். இதுதான் திட்டம்.

முதல் நாளே கோளாறு. காலையில் பொங்கல் வைத்தேன். குழாயில் காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இருந்த இரண்டு குடத்தைக் குடிக்க வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றினேன். பால் நன்றாகவே பொங்கியது. நானும் அம்மாவும் இரண்டே குரலில் 'பொங்கலோ பொங்கல்' சொன்னோம். அரிசி குழைந்துவிட்டது, பாசிப்பருப்பு மட்டும் ஒன்றரை மணி நேரம் கழித்தும் பல்லில் கடிபட்டது. "கெணத்துத் தண்ணியில பருப்பு வேகுமாய்யா? நாப்பது வயசுல இதையும் நான் சொல்லணுமா?" என்று அம்மா.

இப்போது பெரிய பிரச்சினை. சாயங்காலத்திலிருந்து மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, மாடித் தொட்டிக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பண்டிகை நாளில் ஆள் கிடைக்காது. யாராவது சொல்லுங்கள்.

பாம்பன்காற்று | வியாழன், இரவு 9.25

தம்பி, லீவில் வீட்டில் இருக்கிறவனை வீடு சும்மா விடாது. ஆபீஸுக்குப் போகிற நாளில் இந்த மோட்டார் எப்படி ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியபட்டினம் வயர்மேன் | வியாழன், இரவு 9.31

சார், முதலில் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கிற சீல் சூடாகிப் போய்விடும். அது போனால் தண்ணீர் வெளியே கசியும், செலவும் கூடும்.

கிணற்றுக்கு மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார்தானே? அதற்குக் காற்றை இழுக்கத் தெரியாது. பைப் முழுக்கத் தண்ணீர் நின்றால்தான் இழுக்கும். மேலே இருக்கும் மூடியைத் திருகி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்து நின்றால் வெறுமனே காற்று பிடித்திருக்கிறது, மூடிவிட்டுப் போட்டால் ஏறிவிடும். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால், பைப் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கிற ஃபுட் வால்வு மூடவில்லை, பைப்பைத் தூக்க வேண்டும். ராத்திரியில் கிணற்றடிக்குப் போகாதீர்கள், விடிந்ததும் பாருங்கள்.

தொண்டி டீச்சர் | வியாழன், இரவு 10.02

பருப்பு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொன்னது முழுக்க உண்மை. நம் கிணற்றுத் தண்ணீரில் சோற்றுப்பு மட்டும் இருந்தால் இவ்வளவு தொல்லை இருக்காது. கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் போய் இறுக்கிவிடும், அதனால் தோல் விட்டாலும் உள்ளே குழையாது. சாம்பாரில் புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைப்பாக நிற்பதும் ஏறக்குறைய இதே கதைதான், அங்கே வேலை செய்வது புளிப்பு.

அடுத்த முறை பருப்பை மட்டும் ஒரு செம்பு காவிரித் தண்ணீரில் தனியாக வேகவைத்துச் சேர்த்துவிடுங்கள். அரிசிக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். ரொம்ப நாள் டப்பாவில் கிடந்த பருப்பாக இருந்தாலும் வேகாது, அதையும் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதும் இந்தக் கால்சியம்தான். எலுமிச்சைத் தோலை அதில் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். சமையல் உப்பு என்றால் வெறும் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்கும்.

கீழக்கரைக்காரி | வியாழன், இரவு 10.40

எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் பொங்கல் வைத்ததற்கு இவ்வளவு பெரிய பதிவா? பருப்பு வேகாத நாள் எனக்கு மாதத்தில் நாலு வரும். நானும் எழுத ஆரம்பித்தால் இந்தத் தளம் தாங்குமா? 'லீவு, வீட்டில் இருந்து சமைக்கப் போகிறேன்' என்று ஆண்கள் சொன்னால் அது ஓய்வு. நாங்கள் வீட்டில் இருந்து சமைத்தால் அதற்குப் பேரே கிடையாது.

கோபமெல்லாம் இல்லை அண்ணே. நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் தொதல் கிண்டுவோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். போன வருஷம் உம்மா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போனார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடி பிடித்துவிட்டது. சுரண்டாமல் மேலாக உள்ளதை வேறு உருளியில் மாற்றியதால் முக்கால்வாசி தப்பித்தது. சுரண்டினால் கருகல் வாசம் மொத்தத்துக்கும் ஏறிவிடும். உங்கள் வீட்டில் எது அடி பிடித்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

உவர்மணல் | வெள்ளி, பகல் 1.15

கீழக்கரைக்காரி அக்கா சொன்னதை மறுக்க வாயில்லை. அந்தப் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு யாரு? நம்பர் வாங்கு, பேசணும்" என்றார்.

மோட்டார் கதை. காலையில் மூடியைத் திருகி ஒரு வாளி ஊற்றினேன், இறங்கிவிட்டது. இன்னொரு வாளி, அதுவும் போனது. வயர்மேன் சொன்ன இரண்டாவது வகை. எங்களுடையது சிமெண்டு உறை இறக்கிய கிணறு, பதினைந்தடிதான். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கிறவன், அவனுக்கும் லீவு. மோட்டார் ஓரத்தில் பைப்பை இணைக்கும் யூனியனைக் கழற்றி இரண்டு பேருமாகப் பைப்பைக் கைமாற்றி மேலே இழுத்தோம். அடியில் பச்சையாகப் பாசி பிடித்த ஃபுட் வால்வு. உள்ளே இருக்கும் மூடி விரலால் தள்ளினால் போகிறது, திரும்பி வந்து முழுசாக அமரவில்லை. திருப்பித் தட்டினேன். உள்ளங்கையில் விழுந்தது ஒரு சிப்பித் துண்டு. என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஓரம் தேய்ந்து, வெள்ளையாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. அந்த அளவு இடைவெளி போதும், பைப்பில் நின்ற தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடுகிறது.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினோம். இம்முறை அரை வாளி ஊற்றியதும் வாய்வரை நிறைந்து நின்றது. நின்றது என்றால் நின்றது. ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் மாடியில் தொட்டிக்குள் தடதடவென்று விழுகிற சத்தம்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குப் போயி ஒரு நாளா? எங்க காலத்துல மணல்ல ஊத்துத் தோண்டிச் செரட்டையில மோந்து ஊத்துவோம். கலங்காம மோக்கணும். ஒரு கொடம் நெறைய எத்தனை நேரம் ஆகும் தெரியுமா? அந்த நேரத்துல ஊர்க் கதை பூரா தீந்துபோகும்."

தம்பிக்கு நேற்றைய பொங்கலைக் கொடுத்தேன். பருப்பு கடிபட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

பெரியபட்டினம் வயர்மேன் | வெள்ளி, பகல் 2.05

நல்லது சார். ஒன்று மட்டும். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது. நாம் ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறி வந்துவிடும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். ஊற்றில் சிரட்டையால் மொண்டவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது.

ஷார்ஜா தனியன் | வெள்ளி, மாலை 6.30

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். இங்கே ஷார்ஜாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பருப்பு வேகிறது, எதுவும் பழுதாகவில்லை. பொங்கலன்று மதியம் குப்பூஸும் தயிரும் சாப்பிட்டேன். தொடர்ந்து எழுதுங்கள் அண்ணே.

பாம்பன்காற்று | வெள்ளி, இரவு 8.00

நாளைக்கு மீன் உண்டா இல்லையா? இருந்தால் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். பொங்கலுக்கு விசைப்படகுகள் பலவும் கட்டிக் கிடக்கின்றன, நாட்டுப்படகு மீன்தான் வரும். அதுதான் ருசி, பயப்படாதீர்கள். இப்போது வாடைக்காற்றுக் காலம். வடகடல் கலங்கிப்போய் இருக்கும், தென்கடல் பக்கம் வருகிற மீனைப் பாருங்கள். விளமீன் கிடைத்தால் விடாதீர்கள்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருக்கக் கூடாது. முதுகில் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். விற்கிற அக்காவிடம் "நேத்து மீனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் வேறு மாதிரி வரும்.

மண்சட்டிப் பிரியன் | வெள்ளி, இரவு 8.45

குழம்புக்கு நம் முண்டு வத்தல்தான் போட வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் வீட்டில் இருக்கும்போது பாக்கெட் தூளைத் தொடாதீர்கள். நிறம் கொடுக்கும், காரம் தொண்டையைக் கிழிக்காது. மல்லி, சீரகம், கொஞ்சம் மிளகு, சின்ன வெங்காயம். தேங்காய் கூடவே கூடாது. தேங்காய் அரைத்தால் அது மீன் குழம்பு இல்லை, குருமா.

கீழக்கரைக்காரி | வெள்ளி, இரவு 8.52

தேங்காய் இல்லாத மீன் ஆணத்தை எங்கள் வீட்டில் பரிமாறினால் தட்டு திரும்பி வரும்.

மண்சட்டிப் பிரியன் | வெள்ளி, இரவு 8.58

தேங்காய் போட்ட குழம்பு மறுநாள் தாங்காது அக்கா. மீன் குழம்பே மறுநாளுக்குத்தானே வைக்கிறோம்?

கீழக்கரைக்காரி | வெள்ளி, இரவு 9.03

எங்கள் வீட்டில் மறுநாளுக்கு மிஞ்சினால்தானே தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு.

உவர்மணல் | சனி, பகல் 12.20

அவசரம். ஒரு கையில் மீன் வாசம், இன்னொரு கையில் போன்.

விளமீன் கிடைத்தது, ஒன்றே கால் கிலோ. வெட்டித் தரச் சொல்லாமல் முழுசாக வாங்கி வந்துவிட்டேன், ஒரு வீம்புதான். அம்மா கிணற்றடியில் வைத்து வெட்டச் சொன்னார். வெயில் என்று அடுப்படித் தொட்டியிலேயே செதில் எடுத்தேன். இப்போது தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. சாம்பல் நிறத்தில் குளம் மாதிரி நிற்கிறது.

அடுத்து மிக்ஸி. அம்மாவின் கட்சி தேங்காய்க் கட்சி, மன்னிக்கவும் மண்சட்டி சார். தேங்காயைப் பெரிய பெரிய பத்தையாகப் போட்டு, வறுத்த மல்லியையும் வத்தலையும் சேர்த்து ஒரே சுற்று. 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், கொஞ்சம் கருகின வாசம், நின்றுவிட்டது. இப்போது ஸ்விட்ச் போட்டால் சத்தமே இல்லை. செத்துவிட்டதா?

பெயர் வேண்டாம் | சனி, பகல் 12.28

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மேலே பாத்ரூம் ஆசிட் ஊற்றுங்கள். எல்லாம் அரித்துக்கொண்டு போய்விடும்.

தொண்டி டீச்சர் | சனி, பகல் 12.30

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அடுப்படியில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். கூட அம்மா வேறு இருக்கிறார்கள்.

செதில் அப்படியெல்லாம் கரைகிற பொருளும் இல்லை. தொட்டிக்குக் கீழே பாட்டில் மாதிரி ஒன்று தொங்குகிறதா? அடியில் வாளியை வைத்துவிட்டு அந்தப் பாட்டிலைக் கையாலேயே திருகுங்கள், வந்துவிடும்.

பெரியபட்டினம் வயர்மேன் | சனி, பகல் 12.34

மிக்ஸி சாகவில்லை சார். பிளக்கைப் பிடுங்குங்கள். கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே துருத்தி நிற்கும். பாரம் தாங்காமல் அதுவாகவே அணைந்திருக்கிறது. பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்துங்கள். பிறகு ஜாருக்கு அடியில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் பிளேடு இறுகியிருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு வாரம் சும்மா கிடந்தாலே புஷ் பிடித்துக்கொள்ளும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வெந்நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

உப்புக்காற்று என்றதும் ஒன்று. வீட்டில் ராத்திரி மட்டும் டிரிப் ஆகிக் கரண்ட் போகிறது என்று போன மாதம் ஒருவர் கூப்பிட்டார். பகலில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எம்சிபியாக அணைத்துப் போட்டுப் பார்த்ததில், வாசலுக்கு வெளியே விளக்கு மாட்டும் பிளக் பாயிண்ட். பகலில் படிந்த உப்பு ராத்திரிப் பனியில் நனைந்து மின்சாரம் கசிகிறது. வெயில் வந்ததும் காய்ந்துவிடுகிறது. 'இந்த டிரிப்பரை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள்' என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது தொல்லை கொடுப்பது நம் உயிருக்காக.

உவர்மணல் | சனி, இரவு 9.30

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

பாட்டில் கையாலேயே திருகி வந்தது. உள்ளே செதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு அடுக்கினாற்போல் இருந்தன. நடுநடுவே சோற்றுப் பருக்கை, பழைய எண்ணெய்ப் பிசுக்கு. வாளியில் கொட்டிக் கழுவி மாட்டியதும் தொட்டி 'களக்' என்று ஒரு சத்தத்தோடு குடித்துவிட்டது. டீச்சருக்கு நன்றி. வாசம் மட்டும் இன்னும் என் சட்டையில் இருக்கிறது.

சிவப்புப் பொத்தான் அழுந்தியது, மிக்ஸிக்கு உயிர் வந்தது. ஆனால் ஜார் சுற்றவில்லை, வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. மணி இரண்டு. அம்மா ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் அம்மி கிடக்கிற திசையைப் பார்த்தார். கழுவினேன், அரைத்தேன். கால் மணி நேரத்தில் முதுகு விட்டுப்போனது. அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது விடு. நீ ரெண்டுக்கும் அழுத்துற, அதான் இடுப்பு வலிக்குது" என்றார். அதன்பிறகு கொஞ்சம் வசப்பட்டது. வத்தலும் மல்லியும் திரிந்து செங்கல் நிறத்தில் வழிந்து வந்தபோது, அந்த வாசனை மிக்ஸியில் வராது என்று எழுத ஆசையாக இருக்கிறது. கீழக்கரைக்காரி அக்கா என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் எழுதவில்லை.

நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. புளிக்கரைசலில் மசாலாவைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசம் போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டோம். கடைசியில்தான் தேங்காய் அரைத்ததும் மீனும். மீன் விழுந்த பிறகு கரண்டி போட அம்மா விடவில்லை, சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினார், அவ்வளவுதான். ஏழெட்டு நிமிஷத்தில் இறக்கியாயிற்று. சாப்பிட்டது நாலு மணிக்கு. பசியா கைப்பக்குவமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஒரே சிக்கல். பாதிக் குழம்பு மிச்சம். மறுநாள் குழம்புதான் ருசி. மறுநாள் அமாவாசை.

பாம்பன்காற்று | சனி, இரவு 9.41

ஐயோ.

மண்சட்டிப் பிரியன் | சனி, இரவு 9.50

தேங்காய் போடாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமைவரை பயமில்லாமல் வைத்திருக்கலாம். சொன்னேன், கேட்கவில்லை.

கீழக்கரைக்காரி | சனி, இரவு 9.58

இப்போதே ஒரு கொதி கொதிக்கவிட்டு, முழுக்க ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கரண்டியை உள்ளேயே போட்டு வைக்காதீர்கள். திங்கள் காலை எடுத்து மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டால் ஒன்றும் ஆகாது. தேங்காய்க் கட்சியின் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

அம்மியைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு நன்றி. முதுகுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உவர்மணல் | திங்கள், காலை 7.50

நேற்று வாழைக்காய், பூசணிக்காய் சாம்பார், பாயசம். பருப்பைக் காவிரித் தண்ணீரில் தனியாக வேகவைத்தேன், வெண்ணெய் மாதிரி மசிந்தது. அப்பாவுக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டுத் தூங்கினேன். எதுவும் உடையவில்லை, அடைக்கவில்லை. நான்கு நாளில் லீவு என்று சொல்லக்கூடியது அந்த மத்தியானம்தான்.

ராத்திரி எட்டு மணிக்கு மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அடுப்படியைத் துடைத்து, மிக்ஸியை இருந்த இடத்தில் வைத்து, தொட்டியை எலுமிச்சைத் தோலால் தேய்த்து வைத்திருந்தேன். "வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். "ஒரு குறையும் இல்லை" என்றேன். சுற்றிப் பார்த்தாள், அவளுக்கே ஆச்சரியம். பிறகு காலண்டரிடம் போனாள். வியாழக்கிழமையிலிருந்து தாள் கிழிக்க எனக்கு ஞாபகமே இல்லை. கிழிக்கப் போன கை நின்றது. தை 1 என்ற எழுத்துக்குப் பக்கத்தில் காய்ந்துபோய், கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு இரண்டு செதில். தொட்டிக்கும் காலண்டருக்கும் ஆறடி தூரம் இருக்கும்.

"அடுப்படியிலயா மீன் வெட்டுனீங்க?"

அதுவரை டிவியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சத்தத்தைக் குறைத்தார்.

பாம்பன்காற்று | திங்கள், காலை 8.05

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, மீனை முங்கவைத்துச் செதில் எடுத்தால் ஒன்றுகூடப் பறக்காது தம்பி. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழம்பு என்ன ஆனது?

உவர்மணல் | திங்கள், காலை 8.12

இட்லிக்கு ஊற்றி வழித்தாயிற்று. கடைசித் துண்டு மனைவிக்கு. தேங்காய்க் கட்சிக்கு ஜெயம் என்று அறிவித்துக்கொள்ளலாம். நான் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும், சட்டி கழுவுவது என் பங்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது. மண்சட்டிக்குச் சோப்பு போடலாமா?

மண்சட்டிப் பிரியன் | திங்கள், காலை 8.14

கூடவே கூடாது! சோப்பைச் சட்டி குடித்து வைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். வெந்நீர், கொஞ்சம் அரிசி மாவு, தேங்காய் நார். பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

கீழக்கரைக்காரி | திங்கள், காலை 8.20

கவிழ்ப்பதற்கு முன்னால் அடியில் செதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள் அண்ணே.